பச்சைக்கு அடியில்

பிப்ரவரி 3

தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே எல்லாரும் நடமாட்டமாக இருக்கிறோம். உன் அண்ணிக்கு முட்டிவலி, எனக்குச் சர்க்கரை, அப்பாவுக்கு வழக்கம்போல என்மேல் கோபம். இது மூன்றையும் தவிரக் குறை இல்லை. அங்கே நீ, உன் வீட்டுக்காரி, பாப்பா மூவரும் சுகம்தானே?

போனில் கூப்பிட்டால் நீ "உம்", "சரி", "வெச்சிடறேன்" என்று மூன்று வார்த்தையில் முடித்துவிடுகிறாய். அதனால் காகிதத்தில் பிடிக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். கோடவுனுக்குப் பின்னால் ஒன்பது வருஷமாக நிற்கிற நம் பழைய லாரியை உனக்கு அனுப்புகிறேன். ஆமாம், அதே வண்டிதான். ஆகஸ்டில் மெயின் ரோட்டில் புதுக் கடை திறக்கிறேன். பெயிண்ட், ஹார்டுவேர், குழாய் சாமான் எல்லாம் ஒரே கூரைக்குள். வாசலில் இந்த வண்டியைப் பளபளவென்று நிறுத்தி, 'இந்த ஒரே லாரியில் தொடங்கியது' என்று ஒரு பலகை வைத்தால் போகிறவன் நின்று பார்ப்பான். நின்று பார்க்கிறவன் உள்ளே வருவான். உள்ளே வந்தவனை ஒரு பிரஷ்ஷாவது வாங்காமல் நான் வெளியே விடமாட்டேன்.

இங்கேயும் டிங்கர்கள் இருக்கிறார்கள். தகரத்தை அடி அடி என்று அடிப்பார்கள். அது நிமிர்வதற்குப் பதில் அழும். உன் கை வேறு. அதனால்தான் எட்டு மணி நேர வழியானாலும் பரவாயில்லை என்று என் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

வேலை சுலபம். மேலாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அதே சிவப்பை இரண்டு கோட் அடித்தால் போதும். தகரம் தெரிகிறவரை சுரண்டிக்கொண்டிருக்காதே. முக்கியமாக முன்பக்கம் இடது மூலை நன்றாகத்தான் இருக்கிறது. அதைக் கிளறவே வேண்டாம்.

பழசை மனதில் வைத்துக்கொண்டு வண்டியைத் திருப்பி அனுப்பிவிடாதே. இருபத்தொரு வருஷம் ஆகிவிட்டது. ஓட்டும்போது கண் அசந்துவிட்டாய், வண்டி வாய்க்காலில் இறங்கிவிட்டது, பக்கத்தில் இருந்த அப்பாவுக்குக் கால் ஊனமாகிவிட்டது. மனுஷனுக்கு நடக்கிறதுதான். நான் உன்னை ஒருநாளாவது குறை சொல்லியிருக்கிறேனா? அப்பாதான் இன்னும் விடவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். ஒரு பக்கமாவது எழுது.

அண்ணன்

பிப்ரவரி 24

அண்ணாவுக்கு வணக்கம்.

இங்கே மூவரும் நலம். பாப்பாவுக்குப் பரீட்சை, அதனால் வீட்டில் எங்களுக்கும் பரீட்சை. அண்ணியை மாடி ஏறவேண்டாம் என்று சொல்லுங்கள். உங்கள் சர்க்கரை எவ்வளவு என்று எழுதவில்லையே.

வண்டி வந்தது. உங்கள் டிரைவர் வாசலில் நிறுத்தி, சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, டீகூடக் குடிக்காமல் பஸ் பிடித்துப் போய்விட்டார். நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஷெட்டுக்குள் தள்ளினோம். என் வெல்டர் மூச்சு வாங்கிக்கொண்டே, "முதலாளி, எஞ்சின்னு ஒண்ணு வெச்சிருக்காங்களே, அது எதுக்கு, அழகுக்கா?" என்று கேட்டான்.

மேலாகத் தேய்த்து அடிக்க முடியாது, அண்ணா. பானெட் முழுக்கக் கொப்புளம். விரலால் அமுக்கினால் நொறுங்குகிறது, உள்ளே துரு. இதன்மேல் அடித்தால் முதல் மழையிலேயே உரியும். பெயிண்ட் கடை வாசலில் பெயிண்ட் உரிந்த வண்டி நின்றால் ஊர் சிரிக்காதா? தகரம்வரை எடுத்துத்தான் ஆகவேண்டும். ஒரு மூலையை மட்டும் விட்டுவைக்கவும் முடியாது. விட்ட இடத்திலிருந்து துரு நடக்க ஆரம்பித்துவிடும்.

ஆகஸ்டுக்குள் முடித்துவிடுகிறேன்.

ஈரநாளில் அப்பாவுக்குக் கால் வலிக்கிறதா? வெந்நீர்ப் பை ஒன்று பார்சலில் அனுப்பியிருக்கிறேன். நான் அனுப்பியது என்று சொல்லவேண்டாம். பாப்பா பெரியப்பாவையும் பெரியம்மாவையும் விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

தம்பி

மார்ச் 2

தம்பிக்கு,

கடிதம் கிடைத்ததும் பதில் எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். சர்க்கரை எவ்வளவு என்று டாக்டருக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தால் போதும்.

எட்டு மணி நேரம் தானாக ஓடிவந்த வண்டியை ஐந்து பேர் தள்ளினீர்களா? அண்ணியிடம் படித்துக் காட்டினேன், முட்டிவலியை மறந்து சிரித்தாள். பேட்டரி புதுசு, செல்ஃப் தொட்டாலே பிடிக்கும். சாவியைப் போட்டு உள்ளே விட வேண்டியதுதானே?

வெந்நீர்ப் பையை அப்பாவிடம் கொடுத்தேன். "எவன் குடுத்தது?" என்றார். "கடைக்குப் புதுசா வந்த சரக்குப்பா." காலுக்கு அடியில் வைத்துக்கொண்டு அரைமணி கண்ணை மூடியிருந்தார். பிறகு, "நல்ல சரக்கு. கூட நாலு வாங்கிப் போடு" என்றார்.

பெயிண்ட் ரிமூவர் ஆறு டப்பா அனுப்பியிருக்கிறேன். கை எரியும், உறை போட்டுக்கொள். பானெட், பின் பாடி, வலப்பக்கம் எல்லாம் உன் இஷ்டம்போல எடு. இடது மூலையை மட்டும் விட்டுவிடு என்கிறேன். நானும் இருபது வருஷமாகப் பெயிண்ட் விற்கிறவன், ஒரு மூலை மேலாக அடித்தால் தாங்கும். வேலையைக் குறைக்கத்தான் சொல்கிறேன்.

அண்ணன்

மார்ச் 28

அண்ணாவுக்கு வணக்கம்.

நலம். அங்கே வெயில் ஆரம்பித்திருக்கும். அப்பாவை மத்தியானம் கடைக்கு அழைத்துப் போகாதீர்கள்.

வண்டியைத் தள்ளியதற்கு ஒன்றும் காரணம் இல்லை. ஷெட் வாசல் குறுகல்.

ரிமூவர் நல்ல சரக்கு. தடவிப் பத்து நிமிஷத்தில் பெயிண்ட் சுருங்கி எழும்புகிறது, சுரண்டியால் தள்ளினால் பட்டை பட்டையாக வருகிறது. பானெட்டும் பின் பாடியும் வலது கதவும் முடிந்தன. இதற்குமுன் வேலை பார்த்த மகான்களை நினைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறோம். தகரத்தில் ஒடுக்கு விழுந்தால் தட்டி நிமிர்த்தவேண்டும். மிச்சம் மீதி பள்ளத்துக்குத்தான் பட்டி, அதுவும் ஒரு நகத்தளவு கனம். இவர்கள் தட்டவே இல்லை. பள்ளத்தைப் பட்டியாலேயே மேடாக்கியிருக்கிறார்கள். வலது கதவின் அடி ஓட்டையில் சாக்கைத் திணித்து மேலே பூசியிருக்கிறார்கள். பின் பாடியில் ஒரு கரண்டிக் காம்பு கிடைத்தது. "இது வண்டியா, பாத்திரக் கடையா?" என்கிறான் வெல்டர்.

ஓரத்தில் தேய்த்தால் கலர் கலராக வளையம் தெரிகிறது. மேலே சிவப்பு, அதற்கடியில் பச்சை, அதற்கடியில் நீலம், எல்லாவற்றுக்கும் அடியில் கம்பெனியில் அடித்த சாம்பல். பச்சையைப் பார்த்ததும் ஞாபகம் வந்தது. அப்பா ஊருக்குப் போயிருந்தபோது நீங்களாகவே புதுசாகப் பச்சை அடித்து நிறுத்தினீர்கள். வந்து பார்த்த அப்பா வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு உங்களுக்கு ஒரு வாட்ச் வாங்கிக் கொடுத்தார். அது நடந்து மூன்றாவது வாரம்தான் நான் வாய்க்காலில் விட்டேன். அதற்கப்புறம் அடித்தது சிவப்பு.

திங்கட்கிழமை இடது மூலையில் கை வைக்கிறேன். முன் மட்கார்டைக் கழற்றவேண்டும். நீங்கள் வேண்டாம் என்றது தெரியும். அரைகுறையாக விட எனக்கு மனசு வராது.

அண்ணிக்கு என் விசாரிப்பு.

தம்பி

ஏப்ரல் 4

தம்பிக்கு,

எல்லாரும் நலம். அப்பாவுக்குச் சளி பிடித்து விட்டுவிட்டது.

திங்கட்கிழமை ஆரம்பித்துவிட்டாயா? இல்லையென்றால் நிறுத்து. யோசித்துப் பார்த்தேன், வண்டியைச் சுவரோரமாகத்தான் நிறுத்தப்போகிறேன். இடப்பக்கம் யார் கண்ணிலும் படாது.

இன்னொன்று. புதுக் கடையில் வண்டி பெயிண்டுக்கென்று தனிப் பிரிவு வைக்கிறேன். கலர் கலக்கத் தெரிந்த ஆள் வேண்டும். நீ வந்து பார்த்துக்கொண்டால் என்ன? மேலே மூன்று ரூம் காலியாக இருக்கிறது. பாப்பாவுக்கும் இங்கே நல்ல காலேஜ். அப்பாவை நான் சமாளித்துக்கொள்கிறேன்.

உடனே பதில் எழுது.

அண்ணன்

மே 3

தம்பிக்கு,

ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. மூன்று முறை போன் செய்தேன். பாப்பா எடுத்து, "அப்பா வேலையா இருக்காங்க பெரியப்பா" என்றாள். பின்னால் சுத்தியல் சத்தமே கேட்கவில்லை. என்ன வேலை சத்தமில்லாமல்?

உடம்புக்கு ஒன்றும் இல்லையே? ஒரு வரி போடு.

அண்ணன்

மே 12

மாமாவுக்கு வணக்கம்.

நான் உங்கள் தம்பி மனைவி எழுதுகிறேன். அக்காவும் பெரியவரும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். இங்கே உடம்புக்கு யாருக்கும் ஒன்றும் இல்லை. அவருக்குத் தெரியாமல் இதை எழுதுகிறேன்.

உங்கள் வண்டி வேலை ஏப்ரல் முதல் வாரத்திலேயே நின்றுவிட்டது. அதன்மேல் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார். மற்ற வண்டிகளைப் பார்க்கிறார், சாப்பிடுகிறார், பேசவேண்டியதற்குப் பேசுகிறார். சாயங்காலம் ஆள்கள் போனதும் தார்ப்பாயை ஒரு பக்கம் தூக்கிவிட்டு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுகிறார். சினிமா பார்க்கிற மாதிரி.

மட்கார்டைக் கழற்றின அன்றைக்கு என்னை வீட்டிலிருந்து கூப்பிட்டார். உள்ளே சக்கரத்துக்குப் பக்கத்தில் இரும்பை ஒட்டுப்போட்டிருந்த ஒரு இடத்தைக் காட்டி, "எனக்குக் கண்ணு சரியில்லையோன்னு பாக்கறேன். நீ சொல்லு. இந்த ஒட்டு பச்சைக்கு மேல இருக்கா, அடியில இருக்கா?" என்று கேட்டார். நான் நன்றாகப் பார்த்து, "அடியிலங்க" என்றேன். "அப்ப சரி" என்று கையைக் கழுவிக்கொண்டு போய் உட்கார்ந்தவர்தான்.

எனக்கு டிங்கரிங் தெரியாது மாமா, ஆனால் அவரைத் தெரியும். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். ஸ்கூட்டரில் நான் முன்னால், அவர் பின்னால். தெருவே சிரிக்கும். பஸ்ஸில் போனாலும் முன் சீட்டில் உட்கார்ந்து, டிரைவர் கண்ணை மூடுகிறாரா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வருவார். ஊரில் இருக்கிற வண்டியெல்லாம் அவர் கையில் நிமிர்கிறது; ஒன்றைக்கூட ஓட்டிப் பார்த்ததில்லை. உங்கள் லாரியைத் தள்ளியதும் அதனால்தான். ஷெட் வாசல் குறுகல் இல்லை. ஒரு தடவை கேட்டேன். "தூங்கறவன் வண்டி ஓட்டக்கூடாது" என்றார், அவ்வளவுதான்.

அந்தப் பச்சைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்தால், எனக்கு வேண்டாம், அவருக்கு எழுதுங்கள்.

அக்காவுக்கு முட்டிக்குத் தடவ எண்ணெய் வாங்கி வைத்திருக்கிறேன், யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் தம்பி மனைவி

மே 17

தம்பிக்கு,

இதை நின்றுகொண்டே எழுதுகிறேன். உட்கார்ந்தால் வேறு எதையாவது எழுதிவிடுவேன்.

அப்பா ஊருக்குப் போயிருந்த அந்த வாரம், அவரிடம் சொல்லாமல் ஒரு கல் லோடு எடுத்தேன். குவாரி வாசலில் வண்டியைத் திருப்பும்போது முன்பக்கம் இடது மூலை கல்தூணில் மோதியது. கேபின் ஓரம் ஒடுங்கியது. அது பரவாயில்லை. முன் ஸ்பிரிங் பட்டையை வண்டியின் அடிச்சட்டத்தோடு பிடித்து நிற்கிற இரும்புத் தாங்கி பிளந்துவிட்டது; அது விட்டால் வண்டி அந்தப் பக்கமாக இழுக்கும். ரோட்டோரப் பட்டறைக்காரன் சொன்னான், "தாங்கியை மாத்தணும் தம்பி, ஒரு வாரம் ஆகும்" என்று. அப்பா மூன்று நாளில் வருகிறார். நான் சொன்னேன், "ஒட்டு வெச்சுப் பட்டி பூசி அடிச்சு விடுங்க. பெயிண்ட் மேல வந்துட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

ஒரு மூலையில் மட்டும் புதுப் பெயிண்ட் தெரிந்தால் அப்பா கேட்பாரே என்று வண்டி முழுக்கப் பச்சை அடித்தேன். அதற்குத்தான் அந்த வாட்ச் கிடைத்தது. ஒருநாள் கட்டினேன். அப்புறம் பீரோவில்தான் இருக்கிறது.

நீ விழுந்த அன்றைக்கு வண்டியைத் தூக்கப் போனவன் நான். தாங்கி என் ஒட்டு இருந்த இடத்திலேயே விட்டிருந்தது. பார்த்தேன். வேறு யாரும் பார்ப்பதற்குமுன் அதே பட்டறைக்குக் கொண்டுபோய் மறுபடி ஒட்டுவைத்துச் சிவப்பு அடித்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் நீ தலையில் கட்டோடு படுத்துக்கொண்டு, "ஸ்டீயரிங் கேக்கல அண்ணா, தானா இடது பக்கம் இழுத்துச்சு" என்று திரும்பத் திரும்பச் சொன்னாய். நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு, "சரி, தூங்கு" என்றேன். "அவன் தூங்கினதை நான் கண்ணால பாத்தேன்" என்று அப்பா சொன்னார். அது எனக்கு வசதியாகப் போய்விட்டது. நீ தூங்கியிருப்பாய், விழுந்த வேகத்தில்தான் ஒட்டு விட்டிருக்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நல்ல வியாபாரி நான். எனக்கே விற்றுவிட்டேன்.

அப்பா உன்னிடமிருந்து சாவியைப் பிடுங்கினார். நீ ஊரைவிட்டுப் போனாய். வண்டி எனக்கு வந்தது. 'ஒரே லாரியில் தொடங்கியது' என்று பலகை வேறு எழுதச் சொல்லியிருக்கிறேன்.

வண்டியை ஏன் உன்னிடமே அனுப்பினேன் என்று கேட்பாய். வாயால் சொல்லமுடியாததை நீயாகவே பார்த்துவிடுவாய் என்றுதான். அனுப்பி முடித்ததும் பயம் வந்துவிட்டது, கிளறாதே என்று எழுதினேன். இரண்டும் நான்தான்.

என்மேல் எவ்வளவு கோபம் என்றாலும் எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

அண்ணன்

ஜூன் 19

உங்கள் கடிதம் வந்தது.

பச்சைக்கு அடியில் ஒரு ஒட்டு. சிவப்புக்கு அடியில், அதே இடத்தில், இன்னொரு ஒட்டு. நீங்கள் எழுதுவதற்குமுன்பே எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்த அன்றைக்கு ஒரு நிம்மதிதான் வந்தது. கோபம் நான்கு நாள் கழித்து வந்தது. வந்தது இன்னும் போகவில்லை.

ஆஸ்பத்திரியில் நான் ஸ்டீயரிங் கேட்கவில்லை என்று சொன்னது எனக்கே மறந்துபோயிருந்தது. நீங்கள் எழுதித்தான் ஞாபகம் வருகிறது. எல்லாரும் சொல்லச் சொல்ல, தூங்கிவிட்டேன் என்று நானே நம்பிவிட்டேன். கண்ணை மூடினால் தலை சாய்வதுகூடத் தெரியும். நடக்காத ஒன்று இவ்வளவு தெளிவாகத் தெரியுமா?

எனக்கு இன்னும் ஒன்று தெரியவேண்டும். அப்பா கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். அது உண்மையென்றால் நானும் தூங்கியிருக்கிறேன், ஒட்டும் விட்டிருக்கிறது. இரண்டில் எது முதலில் என்று தகரம் சொல்லாது. அப்பாதான் சொல்லமுடியும்.

அப்பாவிடம் நீங்கள் சொல்லவேண்டும். போகிறபோக்கில் இல்லாமல், எதிரில் உட்கார்ந்து, முழுசாக. அதுவரைக்கும் வண்டி இப்படியே நிற்கும். கடை திறப்பு உங்கள் கவலை.

ஜூலை 2

தம்பிக்கு,

இந்தத் தடவை நீ யாரையும் விசாரிக்கவில்லை. கையெழுத்தும் போடவில்லை. இருந்தாலும் சொல்கிறேன், எல்லாரும் நலம். அப்பாவும் நலம்தான், சாப்பிடுகிறார்.

சொல்லிவிட்டேன். கடை பின்ரூமில் அவர் வழக்கமாக உட்காருகிற டிரம்முக்கு எதிரில் இன்னொரு டிரம்மைப் போட்டு உட்கார்ந்தேன். "என்னடா, முகம் பார்க்க வந்தியா?" என்றார்.

"அந்தப் பச்சைப் பெயிண்ட் ஞாபகம் இருக்காப்பா?"

"வாட்ச் வாங்கிக் குடுத்தேனே."

கல்தூணிலிருந்து சிவப்புப் பெயிண்ட் வரை சொன்னேன். நடுவில் ஒரு வாடிக்கையாளர் வந்து ஆணி கேட்டார், அப்பா "அப்புறம் வாப்பா" என்று அனுப்பிவிட்டார். என் இருபது வருஷ வியாபாரத்தில் ஆளைத் திருப்பி அனுப்பியது அன்றைக்குத்தான்.

"அப்ப வண்டி தானா இழுத்துச்சா?"

"ஆமாப்பா."

"அவன் சொன்னான்."

"ஆமா."

"நான் அவனை அறைஞ்சேன்டா. தலையில கட்டோட படுத்திருந்தவனை."

அப்புறம் வெகுநேரம் தன் இடது முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். எழுந்து, "வாட்சைக் குடு" என்றார். வீட்டுக்கு ஓடிப்போய் எடுத்துவந்து கொடுத்தேன். சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. சோறு வேண்டுமென்றால் அண்ணியிடம் கேட்கிறார். இத்தனை வருஷம் காரணமில்லாமல் என்னைக் கோபித்தார், இப்போதுதான் காரணம் கிடைத்திருக்கிறது. கோபித்துக்கொள்ளட்டும்.

நான்காம் நாள் பேப்பரும் பேனாவும் கேட்டார். மூன்று நாள் எழுதினார். கவரைத் தானே பசை போட்டு ஒட்டிவிட்டு, "பிரிச்சுப் படிச்சே, கையை ஒடிச்சிடுவேன்" என்றார். அதுதான் கடைசியாக என்னிடம் பேசியது. இதோடு வைத்திருக்கிறேன். படிக்கவில்லை.

வண்டி வேலையைப் பற்றி நான் கேட்கமாட்டேன். பலகை எழுதுகிறவனை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

அண்ணன்

(உள்ளே இருந்த கடிதம்)

சின்னவனுக்கு அப்பா எழுதுவது.

நான் இருக்கிறேன். நீங்கள் எல்லாம் நன்றாக இருக்கவேண்டும். எனக்கு எழுதிப் பழக்கமில்லை, கோணலாக இருந்தால் அப்படியே படி.

பெரியவன் எல்லாம் சொன்னான். அவன் செய்தது அவனோடு. நான் செய்ததை நான் சொல்கிறேன்.

நீ தூங்கியதை நான் பார்க்கவில்லை. தூங்கியது நான்.

டிரைவர் பக்கத்தில் உட்காருகிறவன் தூங்கக்கூடாது, பேச்சுக் கொடுத்துக்கொண்டே வரவேண்டும் என்று உங்கள் இரண்டு பேருக்கும் சொல்லிச் சொல்லி வளர்த்தவன் நான். ஒருநாள் நீ பக்கத்தில் உட்கார்ந்து தூங்கிவிட்டாய் என்று வண்டியை நிறுத்தி உன்னை இறக்கி ஒரு மைல் நடக்கவிட்டேன். உனக்கு மறந்திருக்காது. அன்றைக்கு நானே தூங்கிவிட்டேன். கண் விழித்தால் தண்ணீருக்குள் கிடக்கிறேன், கால் மாட்டியிருக்கிறது. வந்தவர்கள் எல்லாரும், "பக்கத்துலதானே இருந்தீங்க, என்ன ஆச்சு?" என்று கேட்டார்கள். தூங்கிவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. நீ தூங்கிவிட்டாய் என்று வந்தது. ஒரு தடவை சொல்லிவிட்டேன், அப்புறம் அதையே பிடித்துக்கொண்டேன். உன்னைப் பார்த்தால் அது ஞாபகம் வருகிறது என்று உன்னைப் பார்க்காமல் இருந்தேன்.

வாட்சை இதோடு அனுப்பப் பார்த்தேன், கவரில் போகாது. நேரில் தருகிறேன்.

வெந்நீர்ப் பை நீ அனுப்பியது என்று அன்றைக்கே தெரியும். உன் அண்ணன் விற்பது ஆணியும் குழாயும். நன்றாகச் சூடு தாங்குகிறது.

அப்பா

ஜூலை 27

அண்ணாவுக்கு வணக்கம்.

இங்கே மூவரும் நலம். அண்ணிக்கு எண்ணெய் எடுத்து வைத்திருக்கிறோம். உங்கள் சர்க்கரையை இந்தத் தடவையாவது எழுதுங்கள், டாக்டரோடு மூன்றாவது ஆளாக நானும் தெரிந்துகொள்கிறேன்.

அப்பா கடிதத்தை வீட்டில் படித்துக் காட்டினேன். மறுநாள் காலையில் உங்கள் தம்பி மனைவி ஸ்கூட்டர் சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். மார்க்கெட் வரை போனோம். வழி முழுக்க என் முதுகில் தட்டி, "முழிச்சிருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

வண்டி முடிந்தது. தாங்கியை அறுத்து எடுத்துவிட்டுப் புதுசு போட்டுவிட்டேன். கேபின் ஓரத்திலும் கெட்ட தகரத்தை வெட்டி, நல்ல தகரம் வைத்து, பட்டி நகத்தளவுக்கு மேல் போகாமல் முடித்திருக்கிறேன். விரலால் தடவினால் எங்கே வெட்டினேன் என்று எனக்கே தெரியாது. சிவப்பு அடிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் அடியில் இருந்ததே, அந்தச் சாம்பல்தான் அடித்திருக்கிறேன். கடை வாசலில் எடுப்பாக இருக்காது என்று சொல்வீர்கள். இருக்காதுதான். பலகையில் என்ன எழுதுவது என்பதை நான் வந்து பேசிக்கொள்ளலாம்.

கோபம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். வேலை செய்யும்போது குறைகிறது, சும்மா இருந்தால் ஏறுகிறது. அதனால் புதுக் கடைப் பிரிவைப் பற்றி இப்போது கேட்காதீர்கள்.

உங்கள் டிரைவரை அனுப்பவேண்டாம். பழைய லைசென்ஸைப் புதுப்பித்துவிட்டேன். இரண்டு வாரமாகக் காலையில் லாரியை எடுத்து ரிங் ரோடு சுற்றிவருகிறேன். முதல்நாள் ஷெட்டிலிருந்து நான் வெளியே எடுத்தபோது வெல்டர் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு, "முதலாளி, அப்ப அன்னிக்கு எங்களை எதுக்குத் தள்ள விட்டீங்க?" என்று சண்டைக்கு வந்தான்.

நான்காம் தேதி விடியற்காலை புறப்பட்டு நானே ஓட்டி வருகிறேன். நேராகக் கடைக்கு வரமாட்டேன். முதலில் வீட்டுக்கு வந்து அப்பாவை ஏற்றிக்கொள்கிறேன். இடது பக்க சீட்டு அவருக்கு. கேபினில் உங்களுக்கு இடம் இல்லை, வேண்டுமானால் பின்னால் ஏறிக்கொள்ளுங்கள்.

வீட்டிலிருந்து புதுக் கடைக்கு முக்கால் மணி நேரம். அவ்வளவு நேரம் தூங்காமல் எனக்குப் பேச்சுக் கொடுத்துக்கொண்டு வருவாரா என்று அப்பாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

தம்பி